நான்காவது பாட்டைத் தாண்டாத விமர்சனங்கள்

நகர நூலகத்தின் மூன்றாம் தளத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இசைப் பிரிவை நடத்தியவருக்கு வாசகர்கள் வைத்திருந்த பெயர் 'முழுசா அக்கா'. இசைத்தட்டைத் திருப்பித் தர வருகிறவர் எவராயினும், அதைக் கையில் வாங்கும் முன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முழுசா கேட்டீங்களா?" இல்லை என்பவருக்கு அபராதம் கிடையாது, உபதேசமும் கிடையாது. தட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டு, "இன்னும் ஒரு வாரம் வச்சிருங்க" என்பார். சிலர் இந்தக் கேள்விக்கு அஞ்சி, மேசையை நெருங்கும்போதே "முழுசா, முழுசா" என்று தலையசைத்தபடி வருவார்கள்.

நான் அதே தளத்தில் அட்டவணைப் பிரிவில் பணியாற்றினேன். எங்கள் இரு அறைகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. தளம் முழுமைக்குமான தொலைபேசி என் மேசையில் இருந்தது. ஆகவே, கீழே எழுதப்போகும் வெள்ளிக்கிழமைப் பேச்சுகளில் பெரும்பகுதியை நானே காதால் கேட்டேன். எஞ்சியதை அவர் சொல்லக் கேட்டேன்.

இசைப் பிரிவு பெரிய இடமன்று. எட்டு நாற்காலிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஒலிக்கருவி, ஒரு ஹெட்ஃபோன். சுவரோரம் மூன்று அலமாரிகளில் இரண்டாயிரத்துச் சொச்சம் இசைத்தட்டுகள். ஜன்னலைத் திறந்தால் பேருந்துப் பணிமனையின் பின்சுவர். புகை வரும் என்பதால் திறப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு இருபத்துநான்கு ஆல்பங்கள் புதிதாக வாங்க அனுமதி உண்டு. விநியோகஸ்தர் அவற்றை முத்திரை ஒட்டிய உறையில் அனுப்புவார். உறையைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். கேட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. வாங்கிய பிறகுதான் கேட்க முடியும். எனவே எதை வாங்குவது என்பதற்கு அக்காவிடம் இருந்த ஒரே ஆதாரம், மாதந்தோறும் வரும் ஓர் இசை இதழின் விமர்சனப் பக்கங்கள்.

அப்பக்கங்களை எழுதியவர் 'ஆறாம் விரல்' என்னும் புனைபெயர்க்காரர். அவரை அக்கா பதினோரு ஆண்டுகளாக ஒரு வரி விடாமல் படித்து வந்தார். அவருடைய ரசனையோடு ஒருமுறையும் ஒத்துப்போனதில்லை. 'துணிச்சலான முயற்சி' என்று ஆறாம் விரல் புகழ்ந்து, ஐந்தில் நாலேமுக்கால் நட்சத்திரம் தந்த ஆல்பம் எங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். 'வழக்கமானது, புதிதாக ஒன்றுமில்லை' என்று ஒன்றரை நட்சத்திரத்தோடு அவர் ஒதுக்கியதோ ஒரு நாளும் அலமாரியில் தங்காது. அவர் புகழ்ந்தவற்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் அவதிப்பட்ட பிறகு அக்கா முறையை மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் ஆறாம் விரல் சொன்னது. பின்பக்கம் அந்த ஆல்பத்தை வாசகர்கள் எத்தனை முறை எடுத்துச் சென்றார்கள் என்பது. அவர் எதைத் தள்ளுகிறாரோ அதை வாங்குவது. எதைத் தூக்கிப் பிடிக்கிறாரோ அதைத் தொடாமல் விடுவது. இதுவே முறை.

"தினமும் பத்து நிமிஷம் லேட்டா ஓடற கடிகாரத்தை வச்சுக்கிட்டு ரயிலைப் பிடிச்சிடலாம் அண்ணா" என்று எனக்கு ஒருமுறை விளக்கினார். "அது என்னிக்கும் அதே பத்து நிமிஷம் லேட்டா ஓடணும், அவ்வளவுதான்."

அந்த ஆண்டு நூலகத்துக்குப் புதிய கண்காணிப்பாளர் வந்தார். வந்த இரண்டாம் வாரமே ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இலக்கு வைத்தார். இசைப் பிரிவில் மூன்று மாதத்துக்கு நானூறு தடவை தட்டுகள் எடுத்துச் செல்லப்படுவது வழக்கம். அது அறுநூறாக வேண்டும். இல்லையென்றால் அறை கணினிப் பயிற்சிக்குப் போகும், தட்டுகள் கிடங்குக்குப் போகும் என்று சுற்றறிக்கை சொல்லிற்று. அறுநூறை எட்ட வேண்டுமானால் அந்த முறை வாங்கும் இருபத்துநான்கும் சரியாக அமைய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பட்டியல் கண்காணிப்பாளர் மேசையில் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமையே பட்டியல் தயாராகிவிட்டது. கடந்த ஆறு இதழ்களில் ஆறாம் விரல் மிக மோசமாகத் திட்டிய இருபத்துநான்கு ஆல்பங்கள். அக்கா அதைத் தட்டச்சு செய்து உறையில் இட்டு வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பேருந்துப் பரிசோதகர் வந்தார். வேலைக்குச் செல்லும் வழியில் வாரம் மூன்று முறை வருகிறவர். எல்லோரும் அவரை 'செக்கிங் சார்' என்பார்கள். சென்ற முறை வாங்கியவற்றுள் ஒன்று விநியோகஸ்தரிடமிருந்து தாமதமாக, முந்தைய வாரம்தான் வந்திருந்தது. அக்கா போட்டுக் கேட்டுப் பார்க்கும் முன்பே அவர் அதை எடுத்துப் போயிருந்தார்.

"முழுசா கேட்டீங்களா?"

"முழுசா கேட்டதாலதான் கேக்கறேன். இதை எதுக்கு வாங்கினீங்க?"

"ஏன், என்ன?"

"நாலு பாட்டு வரைக்கும் மனுஷன் மாதிரி பாடறான். அஞ்சாவதுலருந்து தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விடறான். அது உருண்டு முடியறதுக்குள்ள எம்பொண்டாட்டி என்னை வெளியில அனுப்பிட்டா."

அக்கா சிரிக்கவில்லை. அட்டைப் பெட்டியை இழுத்து, அந்த ஆல்பத்துக்கான அட்டையை எடுத்தார். 'வழக்கமானது. இதமான குரல். புதிதாக ஒன்றுமில்லை. ஒன்றரை நட்சத்திரம்.' தகர டப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆறாம் விரல் அப்படி ஒன்றைக் காதில் வாங்கியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்; 'துணிச்சல்' என்ற சொல் மூன்று முறையாவது வந்திருக்கும்.

செக்கிங் சார் போன பிறகு அக்கா உறையைப் பிரித்தார். பட்டியலிலிருந்த இருபத்துநான்கு ஆல்பங்களின் விமர்சனங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் பாட்டு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டார். முதல் பாட்டு, இரண்டாவது, நான்காவது. ஐந்தாவது எங்கும் இல்லை. பிறகு பழைய இதழ்களை எடுத்தார். ஓராண்டுக்கு முன் எழுதிய ஒவ்வொரு விமர்சனத்திலும், திட்டியதாயினும் புகழ்ந்ததாயினும், கடைசிப் பாட்டைப் பற்றி ஒரு வரியாவது இருந்தது.

பதினொன்றேகாலுக்குத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, போன் வேணும்."

"என்ன ஆச்சு?"

"இந்த ஆள் வேற ஆளு."

இதழ் அலுவலகத்தை அழைத்தார். குறிப்பெடுக்கக் கை வேண்டும் என்பதற்காக ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். மறுமுனையில் இளமையான ஒரு குரல் தன்னை உதவி ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டது.

"ஆறாம் விரல் இருக்காரா?"

"அவர் வெளியூர் போயிருக்காரும்மா."

"எத்தனை மாசமா?"

"யார் பேசறீங்க?"

"நகர நூலகத்துலருந்து. உங்க விமர்சனத்தைப் பதினோரு வருஷமா படிக்கறேன். இப்ப எழுதறவர் நாலாவது பாட்டுக்கு மேல கேக்கறதில்ல. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

பின்னணியில் யாரோ தட்டச்சு செய்யும் ஓசை மட்டும் வந்தது.

"அவர்கிட்டதாம்மா பேசிட்டிருக்கீங்க" என்றது குரல்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஆறாம் விரல்ங்கறது ஆளோட பேரில்லம்மா, நாற்காலியோட பேர். யார் உக்காந்தாலும் அதே பேர்தான். எனக்கு முன்னால ஒருத்தர் பத்தொம்பது வருஷம் உக்காந்திருந்தார். எட்டு மாசம் முன்னால ரிடையர் ஆனார். மாசம் இருபது ஆல்பம் என் மேசையில வந்து விழுது. பக்கம் கட்டறது நான், பிழை பாக்கறது நான். எத்தனையைத்தான் கடைசி வரைக்கும் கேக்கறது?"

"கேக்காமயா எழுதறீங்க?"

"நாலு பாட்டு கேக்கறேனே."

"ஒரு ஆல்பத்துல பத்து பாட்டு இருக்கு தம்பி."

"உங்களை மாதிரி எண்ணிப் படிக்கறவங்க இருப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்" என்றான் அவன். குரலில் திமிரில்லை, பிடிபட்டவனின் களைப்புதான் இருந்தது.

அக்கா பழையவரின் வீட்டு எண்ணைக் கேட்டார். முதலில் தயங்கியவன், "ஆசிரியர் காதுக்கு மட்டும் போகவேணாம்மா" என்ற வேண்டுகோளோடு கொடுத்தான். உடனே அழைத்தோம். அவருடைய மனைவி எடுத்தார். "கண்ணுக்கு மருந்து போட்டுக்கிட்டுப் படுத்திருக்கார். ரெண்டு மணிக்கு முன்னால எழுந்திருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அப்போது மணி பதினொன்று நாற்பது. நான்கு மணிக்குப் பட்டியல்.

இரண்டு மணி வரை அக்கா எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பழைய தட்டுகளில் அடிக்கடி போகின்றவற்றுக்கே இரண்டாம் பிரதி வாங்கிவிடலாமே என்றேன். அனுமதி புதிய ஆல்பங்களுக்கு மட்டும்தான் என்று சுற்றறிக்கையின் நான்காம் பத்தியைக் காட்டினார். ஒரு மணிக்கு அவருடைய கணவர் என் எண்ணுக்கு அழைத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து பேசினார். அக்கா நடந்ததைச் சொன்னார்.

"இதுக்கா இவ்வளவு கலங்கறே" என்றார் அவர். "லிஃப்ட்ல எட்டு பேர் ஏறலாம்னு எழுதியிருக்கு. எழுதினவன் எட்டு பேரை ஏத்திப் பாத்தானா? ஊரே நம்பி ஏறுது."

"நீங்க ஏத்திப் பாப்பீங்களா, மாட்டீங்களா?"

"நான் பாப்பேன். மணல் மூட்டையை ஏத்திப் பாப்பேன்."

"அப்ப வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

இரண்டு அடித்ததும் அக்கா அழைத்தார். பழைய ஆறாம் விரல் தானே எடுத்தார். கனத்த, நிதானமான குரல். நூலகம், பதினோரு ஆண்டு, ஒரு வரி விடாமல் என்றெல்லாம் கேட்டதும் அக்குரல் இளகிற்று.

"பதினோரு வருஷமா என்னை நம்பி வாங்கறீங்களா? அப்படி ஒருத்தர் இருக்கறதையே இந்த ஆபீஸ்ல யாரும் எனக்குச் சொல்லல பாருங்க. அந்த ரெட்டைப் புல்லாங்குழல் ஆல்பம் உங்ககிட்ட இருக்கா? நாலே முக்கால் குடுத்தேன்."

"இல்ல சார்."

"வயலினை மரக்கட்டையால வாசிச்சாரே, அது?"

"இல்ல சார்."

"ஒரே சுரத்துல நாப்பது நிமிஷம்?"

அக்கா என்னைப் பார்த்தார். இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் மகிழ்ந்து என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார். நான் தலையை ஆட்டிக்கூடக் காட்டினேன்.

"அதுவும் இல்ல சார். நீங்க நல்லா இருக்குன்னு சொன்னது எதையும் நான் வாங்கறதில்ல. நீங்க நல்லா இல்லேன்னு சொன்னதைத்தான் வாங்குவேன்."

"என்னது?"

"எங்க வாசகர்களுக்கும் உங்களுக்கும் ஒத்தே வராது சார். ஆனா நீங்க ஒரு தடவைகூட என்னை ஏமாத்தல. நீங்க தள்ளினது எல்லாமே இங்க நல்லா போச்சு."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

மணி இரண்டு இருபது. அக்கா மறுபடி அழைத்தார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை அழைத்தார். பட்டியலை அப்படியே கொடுத்துவிடுங்கள், போனது போகட்டும் என்று நான் சொன்னேன். அவர் இருபத்துநான்கு விமர்சனங்களையும் வரிசை மாறாமல் அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார். பின் மறுபடியும் கலைத்தார்.

இரண்டு ஐம்பதுக்குத் தொலைபேசி ஒலித்தது.

"எம்பொண்டாட்டி அரை மணியா சிரிக்கறா" என்றார் பழையவர். "பத்தொம்பது வருஷமா அவளும் நான் சொன்னதுக்கு நேர் எதிராத்தான் வாங்கினாளாம். இப்பத்தான் சொல்றா. சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னார்: அறுநூறு, அறை, நான்கு மணி.

"மொதல்ல உங்க பட்டியலைக் கிழிங்க" என்றார் அவர். "அந்தப் பையனை எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் பக்கத்து மேசையில இருந்தான். அவன் ரசனை என் ரசனை இல்ல. ஊர்ல நாலு பேருக்கு எது பிடிக்குமோ அதுதான் அவனுக்குப் பிடிக்கும். அதுக்காகவே அவனைத் திட்டிட்டே இருப்பேன். அவன் ஒண்ணை நல்லா இல்லேன்னு சொன்னா நெஜமாவே நல்லா இல்ல."

அக்கா பட்டியலைக் கிழிக்கவில்லை. குப்புறக் கவிழ்த்து வைத்தார். பதினோரு ஆண்டு அட்டைகள், ஐந்தாறு வாக்கியத்தில் பயனற்றுப் போயின.

"அப்ப அவர் புகழ்ந்ததை வாங்கணுமா சார்?"

"அதுலயும் பாதி கேக்காம எழுதினதா இருக்கும். விளம்பரக்காரங்க முகத்துக்காக ரெண்டு நட்சத்திரம் கூடப் போடச் சொல்லுவாங்க. ஆனா அவனுக்கு ஒண்ணு நெஜமா பிடிச்சா எழுந்து போகமாட்டான், கடைசி வரைக்கும் உக்காருவான். அதைக் கண்டுபிடிக்கணும். அவன் புகழ்ந்ததை எல்லாம் படிங்க, கேக்கறேன். ஆல்பத்தோட அட்டையைப் பாத்து எழுத முடியாத விஷயம் ஒண்ணு இருக்கான்னு மட்டும் பாப்போம்."

ஆறு இதழ்களிலும் புகழ்ந்து எழுதப்பட்டவை முப்பத்தெட்டு. அக்கா படிக்கத் தொடங்கினார். நான் பக்கங்களைப் புரட்டிக் கொடுத்தேன்.

"'உள்ளத்தை உருக்கும் பாடல்களின் தொகுப்பு. இசையமைப்பாளரின் மூன்றாவது ஆல்பம்—'"

"அட்டை. அடுத்தது."

"'இனிமையான குரலும் பொருத்தமான பின்னணியும்—'"

"பின்னணி எங்கயாவது பொருந்தாம போயிருக்கா? அடுத்தது."

"'ஏழாவது பாட்டில் பாடகர் மூச்சு வாங்கும் சத்தத்தை நீக்காமல் விட்டிருக்கிறார்கள். அது நல்லது.'"

"அது காது. எடுத்துக்கோங்க. அடுத்தது."

இப்படியே போயிற்று. ஒன்றுக்கு ஒரு நிமிடம்தான் ஆயிற்று. எனினும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மூன்றேகாலுக்குக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, பட்டியல் தயாரா என்று கேட்டுவிட்டுப் போனார். இருபத்தாறாவது விமர்சனத்தில் பழையவர் திடீரென்று, "அந்த வாக்கியத்தை மறுபடி படிங்க" என்றார். கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் சிறிது நேரம் ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்கிறது என்று அதில் எழுதியிருந்தது. "இதை நான்கூட எழுதியிருப்பேன்" என்றார், தமக்குத்தாமே சொல்வது போல.

மூன்று முப்பத்தைந்துக்கு முப்பத்தெட்டும் முடிந்தன. தேறியவை பதின்மூன்று.

"இன்னும் பதினோரு இடம் இருக்கே சார்."

"ரெட்டைப் புல்லாங்குழலைப் போடுங்க."

"போடமாட்டேன் சார்."

"தெரியும். கேட்டு வச்சேன்" என்று சிரித்து வைத்துவிட்டார்.

அக்கா புதிய தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் செருகினார். பதின்மூன்று பெயர்கள் ஏறின. இயந்திரம் நின்றது. கவிழ்த்து வைத்திருந்த பழைய பட்டியலை நான் மெல்ல அவர் பக்கம் நகர்த்தினேன். அதிலிருந்து பதினொன்றை எடுத்து நிரப்பினால் எவரும் கேள்வி கேட்கப்போவதில்லை. பதினொன்றில் ஓரிரண்டு தப்பிப் பிழைக்காதா?

"பிழைக்கலாம்" என்றார். "எது பிழைக்கும்னு எனக்குத் தெரியாது. அதை எழுதினவருக்கும் தெரியாது." காலியாக இருந்த பதினோரு வரிகளின் குறுக்கே அளவுகோல் வைத்து மையால் ஒரு கோடிட்டார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் கண்காணிப்பாளர் அறையில் நின்றோம். அவர் தாளை இரண்டு முறை பார்த்தார்.

"இருபத்துநாலுக்கு அனுமதி இருக்கு. பதிமூணு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"கோடு எதுக்கு?"

"வேற யாரும் நிரப்பிடக்கூடாதுன்னு."

"பாதிதான் வாங்கறீங்கன்னு இலக்கு பாதியாகாது. தெரியும்ல?"

"தெரியும் சார். யாருமே முழுசா கேக்காததை என் கையெழுத்துல வாங்க முடியாது."

"மேடம், இது நூலகம். எல்லாப் புத்தகத்தையும் படிச்சா வாங்கறோம்?"

"யாராவது ஒருத்தர் படிச்சிருக்கணும் சார்."

அவர் கையொப்பமிட்டார்.

பதின்மூன்று ஆல்பங்களும் இரண்டே வாரத்தில் வந்து சேர்ந்தன. முத்திரையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்ட நாட்களில் அக்காவின் முகத்தைத் தடுப்பின் இடுக்கு வழியே பார்ப்பேன். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடிந்ததில்லை. முடிவில் கணக்கு இவ்வாறு அமைந்தது: ஒன்பது ஆல்பங்கள் அலமாரியில் ஒரு நாளும் தங்கவில்லை, இரண்டு சுமார், இரண்டை எவரும் தொடவில்லை. நாற்காலி நகரும் ஓசையோடு முடியும் ஆல்பத்துக்குக் காத்திருப்போர் வரிசை பதினேழு பேர் வரை நீண்டது. முதல் மாதம் நூற்றெழுபது. இரண்டாம் மாத இறுதியில் மொத்தம் முந்நூற்றெழுபத்திரண்டு. மூன்றாம் மாதத்தில் நாள்தோறும் மாலை நானும் அவரும் எண்ணிப் பார்ப்போம். கடைசி நாள் ஐந்து மணிக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. பிரிவு மூட இன்னும் அரை மணி இருந்தது.

செக்கிங் சாரும் வேறு இருவரும் மேசையருகே வந்து நின்றார்கள்.

"ஒம்பதுதானே அக்கா. நாங்க மூணு பேர், ஆளுக்கு மூணு. எழுதிக்கோங்க. பையில போட்டுக்கிட்டுப் போய் நாளைக்கு அப்படியே கொண்டு வந்துடறோம்."

"கேப்பீங்களா?"

"ஒரே நாள்ல மூணா? இது காதா, புனலா?"

"அப்ப வேணாம்."

"ரூம் போயிடும் அக்கா."

"டிக்கெட் எடுக்காதவனை உங்க பஸ்ல பயணி எண்ணிக்கையில சேப்பீங்களா?"

"இறக்கி விட்டுடுவேன்."

"அதான்" என்றார் அக்கா. பதிவேட்டின் கடைசி வரியில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையொப்பமிட்டார். செக்கிங் சார் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஐந்தரை வரை வேறு யாரும் வரவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளர் எல்லாப் பிரிவினரின் பதிவேடுகளையும் மேசையில் வைத்துக்கொண்டு அக்காவை அழைத்தார். எண்ணிக்கையைச் சரிபார்க்க என்னையும் அழைத்திருந்தார்.

"குழந்தைங்க பிரிவுக்குத் தொள்ளாயிரம்னு வச்சேன். தொள்ளாயிரம் வந்திருக்கு. பழைய இதழ் பிரிவுக்கு முந்நூறு. முந்நூறு வந்திருக்கு. எல்லாரும் கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்கறாங்க, ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. உங்களுது மட்டும் ஒம்பது குறையுது."

"ஆமா சார்."

"ஒம்பது பேரைப் பிடிச்சு எழுத வச்சிருக்கலாமே?"

"வந்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவர் பதிவேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இசைப் பிரிவின் பதிவேடு மட்டும் வெளியே இருந்தது. "போங்க. ஆர்டர் வரும்" என்றார்.

நான்கு நாட்கள் ஆர்டர் வரவில்லை. அந்த நான்கு நாட்களும் அக்கா தட்டுகளைத் துடைத்தார். வரிசை எண்களைச் சரிபார்த்தார். கிடங்குக்குப் போவதாயினும் ஒழுங்காகப் போக வேண்டும் என்று பெட்டிகளுக்குச் சீட்டு எழுதினார். ஐந்தாம் நாள் ஆர்டர் வந்தது. இலக்கை எட்டாததால் அறை காலை நேரங்களில் கணினிப் பயிற்சிக்கு ஒதுக்கப்படுகிறது. பிற்பகல் ஒன்றரை மணி முதல் இசைப் பிரிவாகத் தொடரலாம். தட்டுகள் அங்கேயே இருக்கும். மற்றப் பிரிவுகளின் பதிவேடுகளைத் தணிக்கைக்கு அனுப்பியிருப்பதாக அடியில் ஒரு வரி இருந்தது.

அக்கா ஆர்டரை இரண்டு முறை படித்துவிட்டு, எழுதி வைத்த சீட்டுகளைப் பெட்டிகளிலிருந்து பிய்த்தார்.

புதிய நேரத்தின் முதல் நாள், ஒன்றேகாலுக்கே ஏழெட்டுப் பேர் கதவுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே பயிற்சி முடியவில்லை. ஒன்றரைக்குக் கதவு திறந்தது. எட்டு மேசைகளிலும் கணினிகள். ஒலிக்கருவிகளை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். ஹெட்ஃபோன் கம்பிகள் சிக்கிக் கிடந்தன. அக்கா சிக்கெடுக்கக் குனிந்தார். செக்கிங் சார் ஓர் ஒலிக்கருவியைத் தூக்கிக்கொண்டு, "எந்த மேசை அக்கா?" என்றார். மற்றவர்களும் ஆளுக்கொன்றைத் தூக்கினார்கள். எல்லாம் இடத்துக்கு வந்து முதல் ஆள் ஹெட்ஃபோனை மாட்டும்போது மணி ஒன்று நாற்பத்தைந்து.

அடுத்த ஆறு ஆண்டுகள், ஓய்வுபெறும் நாள் வரை, ஒவ்வொரு பிற்பகலும் அந்த அறை அப்படித்தான் திறந்தது. ஒன்றேமுக்காலைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.